மக்கீன் நகர்த்திய சிப்பாய்

மாத்தளைக் கடைவீதியில் மிளகும் கொக்கோவும் வாங்கி விற்ற மக்கீனின் மனைவி நூருன்னிஸா, சதுரங்கத்தில் லேசில் தோற்கிறவள் அல்ல. தினமும் அவளிடம் தோற்பவர் மக்கீன்தான். தோற்றுவிட்டுப் பேசாமல் போவாரா? அதுதான் கிடையாது. "எடுத்த எடுப்புல ராஜாவுக்கு முன்னால நிக்கிற சிப்பாயத் தள்ளுறியே! வாசல் கதவத் திறந்து போட்டுட்டு யாராச்சும் தூங்குவாங்களா?" என்று தோற்ற வாயாலேயே புத்தி சொல்வார்.

1936இல் மாதர் சங்கம் பெண்களுக்கென்று போட்டி வைத்தது. ஜெயிப்பவர் அடுத்து கண்டியில் ஆட வேண்டும். கலியாணமாகி வந்ததிலிருந்து பக்கத்து ஊரான பல்லேபொலைக்கு அப்பால் எதையும் பார்க்காத நூருன்னிஸாவுக்கு, எப்படியாவது அந்தக் கண்டிக்குப் போய்விட வேண்டும்.

கடைசி ஆட்டத்தைப் பார்க்க ஆண்களும் வந்துவிட்டதால் அவளைத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். அங்கே அவளுக்கென்று தனிப் பலகை. அவள் சொல்வதை மக்கீன் வெளியே போய், எதிர்த்து ஆடும் கிருஷ்ணம்மா டீச்சரின் பலகையில் நகர்த்தி, டீச்சரின் பதிலை வந்து சொல்ல வேண்டும். அப்படி ஓர் ஏற்பாடு.

"ராஜா சிப்பாய், ரெண்டு கட்டம்" என்றாள். அடுத்தது குதிரை. அதற்குப் பதில் கேட்டு வந்த மக்கீன், "டீச்சர் உன் மந்திரி சிப்பாய வெட்டிட்டாங்க" என்றார்.

அவள் பலகையில் மந்திரியின் சிப்பாய் வைத்த இடத்திலேயே நின்றது. டீச்சரின் எந்தக் காயும் அதன் கிட்டவே இல்லை.

"என்னத்தச் செஞ்சு வச்சீங்க?"

"ராஜாவத் திறந்து விடக் கூடாதேன்னு அதுக்குப் பதிலா மந்திரி சிப்பாயத் தள்ளுனேன். உன் நல்லதுக்குத்தான்."

"யா அல்லாஹ்! பொம்பளைகளுக்குப் போட்டின்னு சொல்லிட்டு நீங்க ஏன் ஆடுறீங்க?" என்று மண்டபமே திரும்பக் கத்தினாள். நடுவராக இருந்த சங்கத்து அம்மாவோ, வைத்த காய் வைத்ததுதான் என்று சொல்லிவிட்டார்.

"சரி. அப்ப ஆம்பிளைகள் எல்லாரும் இந்தத் திரைக்கு உள்ளுக்கு வந்து குந்துங்க. நாங்க வெளியில ஆடுறோம்."

முதலில் சிரித்தவர் கிருஷ்ணம்மா டீச்சர். அவரே எழுந்து ஆண்களை உள்ளே விரட்டினார். நூருன்னிஸா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எதிரே உட்கார்ந்தாள். வெட்டிய சிப்பாயைக் குதிரையால் திருப்பி வெட்டினாள். கணவர் கெடுத்து வைத்ததை ஒவ்வொன்றாகச் சரிக்கட்ட வேண்டியிருந்தது. மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குள் டீச்சரின் ராஜா போக வழியில்லாமல் நின்றது.

திரைக்குள்ளிருந்து முதலில் கேட்டது மக்கீனின் குரல். "பாத்தீங்களா, நான் தொடங்கி வச்ச ஆட்டம்!"

கண்டிக்குப் புறப்பட்ட அன்று, மதினி றாபியாவுடன் அவள் ஸ்டேஷனுக்கு வந்தால், அங்கே மக்கீன் புதுத் தொப்பியும் குடையுமாக நின்றார்.

"நீங்க கடையப் பாத்துக்குங்க" என்றாள் நூருன்னிஸா ரயிலில் ஏறியபடி. "தோத்தாலும் கண்டியில நானே தோத்துக்குறேன்."