ஸ்காட்லாந்து சண்டையில் நான் யார் பக்கம்?

போன ஜனவரியில், பாண்டிச்சேரி கருவடிக்குப்பத்தில் எங்கள் வீட்டு மாடியில் நடந்தது இது. மாடியைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். அப்போது ஸ்காட்லாந்திலிருந்து ஒரு வயதான தம்பதி வந்து தங்கியிருந்தார்கள். சாயங்காலமானால் இருவரும் கைகோத்துக்கொண்டு கிளம்புவதை எங்கள் தெருவே வேடிக்கை பார்க்கும்.

ஒருநாள் காலை இட்லி கொண்டுபோனால், உள்ளே ஒரே கத்தல். அந்தம்மா அழுதுகொண்டே பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார். அவருடைய கணவர் பால்கனியில் முதுகைக் காட்டி நின்றார். பயந்துபோய் கீழே இறங்கிவிட்டேன்.

"நேத்து சாம்பார்ல காரம் ஜாஸ்தி போட்டுட்டியா?" என்றார் என் வீட்டுக்காரர்.

மனசு கேட்கவில்லை. மறுபடி போய், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அந்தம்மாவிடம் விசாரித்தேன். பிரிட்டனை விட்டு ஸ்காட்லாந்து தனிநாடாக வேண்டுமா என்று அங்கே முன்பு ஓட்டெடுப்பு நடந்ததாம். கணவர் வேண்டும் என்று போட்டார், அந்தம்மா வேண்டாம் என்று போட்டார். வேண்டாம் என்பதே ஜெயித்தது. மகள் அப்பா கட்சி. அன்றிலிருந்து அவள் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இன்னொரு ஓட்டெடுப்பு வேண்டும் என்று அன்று காலை அப்பாவும் மகளும் போனில் உற்சாகமாகப் பேச, இந்தம்மாவுக்குத் தாங்கவில்லை.

நான் ஆறுதல் சொல்வதற்குள் அந்தம்மா என்னையே மடக்கினார். பாண்டிச்சேரியைத் தமிழ்நாட்டோடு சேர்த்தால் ஒத்துக்கொள்வாயா?

"அதெப்படி? நாங்க தனிதான்!" அவசரத்தில் தமிழிலேயே வந்துவிட்டது. பிறகுதான் இங்கிலீஷில் சொன்னேன்.

பால்கனியில் நின்றவர் குஷியாகத் திரும்பி, நான் தன் கட்சி என்றார். அந்தம்மா விடவில்லை. அப்படியானால் இந்தியாவை விட்டும் போய்விடுவாயா?

"ஐயோ, அது எப்படி!" என்று பதறினேன்.

இப்போது அந்தம்மாவும் என்னைத் தன் கட்சி என்றார். நான் திருதிருவென்று விழித்ததைப் பார்த்து இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சமாதானம் ஆனதாகச் சொல்ல முடியாது. ஆனால் துணி அடுக்குவது நின்றது. ஆறிப்போன இட்லியைச் சேர்ந்து சாப்பிட்டார்கள்.

கீழே வந்து நடந்ததைச் சொன்னேன்.

"தமிழ்நாட்டோட சேந்தா என்னா தப்பு? எங்க அக்கா கடலூர்லதான கீது?" என்றார் வீட்டுக்காரர். அன்று மதியம் எங்கள் வீட்டில் சண்டை.

ஊருக்குக் கிளம்பும்போது அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, உன் மகளாக இருந்தால் அவளுக்காக ஓட்டை மாற்றிப் போட்டிருப்பாயா என்று கேட்டார். வழியில் சாப்பிடக் கட்டிவைத்த இட்லிப் பொட்டலத்தை அவர் பையில் வைத்தேன்.

எந்தப் பக்கம் சரி என்று எனக்கு இன்றும் பிடிபடவில்லை. டிவியில் ஸ்காட்லாந்து என்று காதில் விழுந்தால், அந்த மகள் அம்மாவிடம் பேசிவிட்டாளா என்றுதான் மனசு அடித்துக்கொள்கிறது.