தெகிவளையில் வளர்ந்த முடி

இன்று காலையில் ஒரு தீக்குச்சிகூடப் பற்றவில்லை. சித்தூர்ப் பக்கம் இந்தப் பாகாலாவில் இரண்டு நாளாக விடாத மழை. தீப்பெட்டி ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டது. உரசி உரசிக் கை வலித்ததுதான் மிச்சம். கடைசியில் பக்கத்து வீட்டுக்குப் போய் நெருப்பு வாங்கி வந்தேன். அந்த நமத்துப்போன பெட்டியை மூக்கருகே கொண்டுபோனதும் எனக்குத் தெகிவளை வீடு ஞாபகம் வந்துவிட்டது. அதற்கப்புறம் அடுப்புப் பக்கம் போகவே மனசில்லை.

தெகிவளை என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்காது. சிலோனில், கொழும்புக்குச் சற்றுத் தெற்கே இருக்கிற கடலோர ஊர். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் வீடுகள். காலை ரயில் ஆட்களை அள்ளிக்கொண்டு கொழும்புக் கோட்டைக்குப் போகும். சாயங்கால ரயில் அவர்களைக் கசங்கலாகக் கொண்டுவந்து கொட்டும். அதில் என் வீட்டுக்காரரும் ஒருவர். துரைசானிகள் துணி வாங்கும் ஒரு பெரிய கடையில் அளந்து வெட்டிக் கொடுக்கிற வேலை. கொழும்புக்குள் வாடகை கட்டுப்படியாகவில்லை. அதோடு, எனக்கு இரண்டு முறை கரு தங்காமல் போயிருந்தது. கடல் காற்று உடம்புக்கு நல்லது என்று யாரோ சொன்னதை அவர் பிடித்துக்கொண்டார்.

காற்று நல்லதுதான். அந்த ஈரக் காற்றோடு குடித்தனம் நடத்த எனக்குத்தான் தெரியவில்லை. சித்தூர் வெயிலில் வளர்ந்தவள் இல்லையா, எதை வெளியே போட்டாலும் காய்ந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். மிளகாய் பூஞ்சணம் பிடித்தது. உப்பு தண்ணீராக ஓடியது. ஊரிலிருந்து சுமந்துபோன கேழ்வரகு மாவில் வண்டு. "களி துன்னாம எப்டிமே இருக்கறது?" என்று அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அப்புறம் அவரே தேங்காய்ப்பால் குழம்பை வழித்து வழித்துச் சாப்பிடுவார்.

வீட்டுக்காரம்மா சிங்களத்தி. எல்லாரும் நோனா என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். வீட்டின் முன்பாதி அவர்களுக்கு, பின்பாதி எங்களுக்கு. நடுவில் ஒரு பலகைச் சுவர். நோனாவின் புருஷர் தபாலாபீசில் வேலை செய்து ஓய்ந்தவர். தலைமுடியை வாரிப் பின்னால் கொண்டை போட்டு, உச்சியில் அரைவட்டமாக ஓர் ஆமையோட்டுச் சீப்பைச் செருகியிருப்பார். அந்தப் பக்கத்துப் பழைய மனிதர்கள் அப்படித்தானாம். எனக்கு எங்கே தெரியும்? போன அன்றைக்கே முதுகைப் பார்த்து, "யம்மா, கெணறு எங்க கீது?" என்று கேட்டுவிட்டேன். அவர் மீசையோடு திரும்பினார்.

அங்கே குடிபோன மாசத்திலேயே என் வீட்டுக்காரர் திருப்பதி மலை இருக்கிற திசையைத் தோராயமாகப் பார்த்துக் கும்பிட்டார். "கொழந்த நல்லபடியா பொறந்தா அதத் தூக்கிக்கினு மலைக்கு நடந்தே வரேன் சாமி. அதுவரைக்கும் என் தலையில கத்தி படாது."

தாடியை மழித்துக்கொள்வார், தலைமுடி மட்டும் வளர்ந்தது. கழுத்தைத் தாண்டி முதுகில் இறங்கியது. ராத்திரியில் என் முகத்தில் வந்து விழும். தேங்காயெண்ணெயும் கடல் உப்பும் கலந்து ஒரு வாசனை. இரண்டாம் வருஷம் நான் மூன்றாம் முறையாக உண்டானேன், வயிறும் பெருத்துக்கொண்டு வந்தது.

ஒரு நாள் ரயிலை விட்டு இறங்கி வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"இன்னாங்க, ஒரு மாதிரியா கீறீங்க?"

"முடிய எடுத்துக்கினு வந்தாத்தான் வேலையாம். திங்கக்கெழம வரைக்கும் டைம் குடுத்துக்கீறாரு மேனேஜரு."

"இல்லன்னா?"

"இல்லன்னா ஊருக்குப் போவ வேண்டியதுதான். பர்வாலேது."

"இன்னா பரவால்ல? இந்த வயித்த வச்சிக்கினு நான் கப்பல் ஏறணுமா? எடுத்துடுங்க. சாமிக்கு நம்ம கஷ்டம் தெரியாதா?"

"ரெண்டு போச்சே, அப்பத் தெரிஞ்சிதா அதுக்கு?" என்று சொல்லிவிட்டு, உடனே பயந்துபோய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நான் அழுதேன். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். நோனா வந்து நின்றாள். விஷயத்தைச் சொன்னதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "முடிக்கா அழுறது? எங்கட மாத்தயாவுக்கு எவ்வளவு முடி, நீ பாத்ததுதானே? அந்த முடியோடதான் அவர் கவர்மென்ட் வேல செஞ்சது!" மாத்தயா என்றது அவள் புருஷரை.

திங்கட்கிழமை காலையில் அந்த மாத்தயாவே வந்து என் வீட்டுக்காரரை முக்காலியில் உட்கார வைத்தார். எண்ணெய் தடவி, இழுத்து வாரி, கொண்டை போட்டு, தன்னுடைய இன்னொரு சீப்பை உச்சியில் செருகிவிட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. சாயங்கால ரயில் வருவதற்கு வெகுநேரம் முன்பே போய் ஸ்டேஷன் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கொண்டை கலையாமல் இறங்கினார்.

"இன்னா சொன்னாரு?"

"சீப்பத் தொட்டுப் பாத்தாரு. அவரும் சிங்களவருதானே, தன்னோட அப்பாவும் இப்டித்தான் சீப்பு வச்சிக்கினு இருப்பாருன்னாரு. போயி துணிய அளன்னுட்டாரு."

"அவ்ளோதானா?"

"பின்ன, மாலையா போடுவாங்க?"

பெண் பிறந்தாள். அவள் தவழ்கிற சமயத்தில் யுத்தம் கடலைத் தாண்டி வந்துவிட்டது. குண்டு விழுமென்று ஊரே மூட்டை கட்டியது. நாங்களும் சீப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம். நோனா குழந்தையை முகர்ந்து முகர்ந்து பார்த்தாள். பிறகு அங்கிருந்து வந்த ஒருவர், அந்த வரிசை வீடுகளில் இப்போது பட்டாளத்துக்காரர்கள் இருக்கிறார்கள் என்றார். நோனாவும் மாத்தயாவும் எங்கே போனார்களோ, சொல்லத் தெரியவில்லை அவருக்கு.

ஊர் வந்த கையோடு மலைக்குப் போனோம். சொன்னபடியே குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தே ஏறினார். மொட்டை போடுகிற இடத்தில் நாவிதர் அந்த முடியைக் கையில் பிடித்துப் பார்த்து, ஆம்பளைக்கு இவ்வளவா என்று தெலுங்கில் வாய்விட்டுச் சிரித்தார். கற்றை கற்றையாக விழுந்தது. ஊர்ப்பட்ட ஜனங்களின் முடி அங்கே கிடந்தது. அதோடு இதுவும் சேர்ந்து எது யாருடையது என்று தெரியாமல் போயிற்று. நான் குனிந்து ஒரு கொத்து எடுக்கப் போனேன்.

"இன்னாமே பண்ற? குடுத்தது குடுத்ததுதான். அது சாமிது" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, வழுவழுவென்றிருந்த தலையைத் தட்டிக் காட்டினார். "மறுபடி மொளைக்கும், போ."

முளைக்கத்தான் செய்தது. ஒரு மாதம் ஆவதற்குள்ளேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். குளிப்பாட்டும்போது தலையைத் தடவிப் பார்த்தேன். உள்ளங்கையில் குத்தியது, அவ்வளவுதான்.