ஷாகிதாவின் தேக்சா வண்டி

பூந்தமல்லி, ஆவடிப் பக்கம் முன்னால் சுமை ஏற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டி மோட்டார் வைத்து ஓடுகிறதென்றால், அதில் பாதி என் கை பட்டதுதான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்றைக்குச் சொந்தக் கடை, சொந்த வெல்டிங் மிஷின். கஜபதி என்று கேட்டால் ஆட்டோக்காரனே கொண்டுவந்து இறக்குவான்.

ஷாகிதாவும் என்னைப் போலத்தான். கல்யாண வீடுகளில் பாத்திரம் கழுவ ஆரம்பித்து, இன்று தனியாகப் பிரியாணி ஆர்டர் எடுப்பவர். வீட்டு வாசலில் தேக்சா என்கிற பெரிய அண்டாவில் சமைத்து, மூடியைச் சுற்றி மைதா மாவு பூசி, தம் போட்டபடியே மண்டபத்துக்குத் தாமே வண்டியில் கொண்டுபோவார். அந்த மாவைப் பெண் வீட்டுப் பெரியவர் முன்னால்தான் உடைக்கவேண்டும். வழியில் வெடித்தால் ஆவி போய்விடும், சோறு விறைத்துவிடும்.

ஆவடி குவார்ட்டர்ஸ் காலித் பாயின் மூத்த மகள் கல்யாணத்தில் அப்படித்தான் ஆனது. இரண்டாவது மகளுக்கும் ஷாகிதாவிடமே சொன்னார். ஆனால், மறுபடி வெடித்த மாவோடு வந்தால் சொந்தத்தில் ஒருவரும் கூப்பிடமாட்டார்கள் என்றும் சொல்லிவிட்டார்.

ஷாகிதாவின் மீன்பாடி வண்டி என் கடைக்கு வந்தது. பளபளவென்று அலாய் வீல், டிஸ்க் பிரேக். பழைய பைக் சாமான் விற்கும் ஷாகிதாவின் தம்பி ஜுல்ஃபிகர் மாட்டிவிட்டது.

"தொட்டா நிக்கும் நைனா," என்றான்.

"நீ நிப்பே. தேக்சா நிக்குமா?"

"வீலு பாரு, இன்னா ஷோக்கா கீது!"

"பொண்ணா பாக்கப் போறே, ஷோக்கு பாக்க?"

பைக் வளைவில் சாயும். அதனால் வீலுக்குப் பாரம் நேராக இறங்கும். மூன்று சக்கர வண்டி சாயாது. பாரம் வீலைப் பக்கவாட்டில் தள்ளும். சைக்கிள் வீல் கோணிவிடும், அலாய் விரிசல் விடும். மூன்று சக்கரத்துக்கென்றே செய்தது ஆட்டோ வீல், சின்னது, இரும்பு. அதையே போட்டேன். சுமை முன்னால் இருக்கிறது, எனவே முன் வீல் இரண்டுக்கும் டிரம் பிரேக், ஒரே பெடலில். டிஸ்க் வெடுக்கென்று பிடித்துத் தேக்சாவைக் குலுக்கும், டிரம் மெதுவாகப் பிடிக்கும்.

தேக்சா நிறையத் தண்ணீர் ஊற்றி, மூடிக்கு மாவு பூசி, ஏரிக்கரைச் சரிவில் இறக்கிப் பிரேக் போட்டேன். மாவில் ஒரு கீறல் இல்லை.

"பாத்தியாம்மா? கஜபதி வேலை!"

ஷாகிதா சிரித்தார். "பச்ச மாவு இழுத்தா நீளும் நைனா. வெந்த மாவுதான் வெடிக்கும்."

கடை வாசலிலேயே அடுப்பு மூட்டினார். மாவு வெந்து ஓடு மாதிரி இறுகியபின், தண்ணீர் ஆறும்வரை காத்திருந்து மறுபடி இறக்கினோம். தேக்சாவைப் பிடித்துக்கொண்டு ஜுல்ஃபிகர் உட்கார்ந்தான். மாவு வெடித்து, தண்ணீர் அவன் மேலேயே ஊற்றியது.

"இன்னாடா, பேண்ட்டுக்குள்ள தம் போட்டுக்கினியா?" என்றார் அக்கா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. குனிந்து பார்த்தேன். இடது வீல் முந்திப் பிடித்து வண்டியைத் திருப்பியிருந்தது. அந்தப் பக்கத்துப் பிரேக் கம்பியைத் தளர்த்தி, இரண்டும் ஒன்றாகப் பிடிக்கும்படி வைத்தேன். புது மாவு பூசி, வேகவைத்து, மறுபடி இறக்கினோம். இந்தத் தடவை மாவு அசையவில்லை.

கல்யாணத்தன்று என் ஸ்கூட்டரில் பின்னாலேயே போனேன். பருத்திப்பட்டு தாண்டி ஒரு பஸ் நடுரோட்டில் நின்று ஆள் இறக்கியது. ஷாகிதா பெடலை மிதித்தார். வண்டி முனகிக்கொண்டே போய், பஸ்ஸை முட்டாமல் நின்றது.

மண்டபத்தில் காலித் பாய் மூடியைச் சுற்றி விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு கரண்டிக் காம்பால் மாவை உடைத்தார். ஆவி அவர் கண்ணாடியை மூடியது. ஒரு வாய் தின்றார்.

"தம் சரியா வந்துக்கீது. உப்புதான் கம்மி," என்றார். "மாப்ள ஊட்டு வலீமா விருந்துக்கும் உன்னியே சொல்றேன். உப்பு மட்டும் பாத்துப் போடும்மா."

ஷாகிதா வெளியே வந்து பொரிந்து தள்ளினார். "உப்பு கம்மியாம்! நாக்கா அது?"

உப்புக்கு நான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டு, எனக்கு ஒரு தட்டு எடுத்துவரச் சொன்னேன்.