இரண்டு பேரும் இருக்கும் நேரம்

ஆயுள் காப்புறுதி முகவராக வேலை தொடங்கியதும் எனக்குப் பிடிபட்ட முதல் விஷயம், வீட்டில் புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து இருக்கும் நேரம் பார்த்துப் போகவேண்டும் என்பது. ஒருவரிடம் மட்டும் கதைத்துவிட்டு வந்தால் மற்றவர் வந்து ஒரே சொல்லில் எல்லாவற்றையும் கலைத்துவிடுவார். அதனால் பண்டத்தரிப்பில் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்து முடிந்த பிறகு போவேன். குருநகரில், இரவு கடலுக்குப் போய் வந்தவர்கள் நித்திரை கொண்டு எழும்பிய பிறகு.

போனவுடன் சாவைப் பற்றிக் கதைப்பதில்லை. பிள்ளைகளின் படிப்பு, பாதியில் நிற்கும் வீட்டு வேலை என்று கேட்டுவிட்டு, மெல்ல, "அண்ணைக்கு ஏதும் நடந்தால்..." என்று தொடங்குவேன். அந்த இடத்தில் அநேகமாக எல்லாப் பெண்களும் திரும்பித் தங்கள் புருஷனை ஒருதரம் பார்ப்பார்கள். நான் பைக்குள் பேனை தேடுவேன். என் புருஷன் அப்போது பிரான்ஸில். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது போனவர். அங்கே தங்க விசா கிடைக்காமல் வழக்கு இழுபட்டுக்கொண்டே கிடந்தது.

குருநகரில் ஒரு வீட்டுக்குப் பல தடவை போனேன். வீட்டுக்காரர் வள்ளத்தில் மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவர். காப்புறுதி எடுக்க அவருக்குச் சம்மதம்தான். மனைவிக்கு அந்தக் கதையே ஆகாது.

"இவர் செத்தாப் பிறகு வாற காசு எனக்கென்னத்துக்கு அக்கா?"

"உனக்கில்லையடி, பிள்ளையளுக்கு," என்றார் அவர்.

"மாதாவே! வாயை மூடுங்கோ," என்று தோளில் கிடந்த துவாயால் அவருக்கு ஒரு அடி போட்டாள்.

அவர் சிரித்தார். "பாருங்கோ தங்கச்சி, கடல் விட்டாலும் இவள் என்னை விடமாட்டாள்."

நானும் சிரித்துவிட்டு எழும்பி வந்தேன். வீட்டுக்கு வந்து தேத்தண்ணி போடும்போது, போன் எடுத்து என் புருஷனோடு வாய்நிறையச் சண்டை பிடிக்கவேண்டும் போல் இருந்தது. எதற்கென்று சண்டை பிடிப்பது? சாப்பிட்டீரோ, மகள் படிக்கிறாளோ என்பதோடு எங்கள் கதை முடிந்துவிடும். சண்டைக்கும் ஆள் கிட்ட இருக்கவேண்டும்.

போன வருடம் அவருக்கு விசா கிடைத்தது. ஒரு மாத லீவில் வந்தார். மகள் என்னைவிட உயர்ந்திருந்தாள். அவரைக் கண்டதும் கும்பிடுவதா கட்டிப்பிடிப்பதா என்று தெரியாமல் நின்றாள். முதல் கிழமை முழுக்கச் சொந்தக்காரர் வந்து போனார்கள். பிறகு ஒருநாள், "வீட்டிலை தனிய இருந்து என்ன செய்யிறது, நானும் உம்மோடை வாறன்," என்று ஸ்கூட்டியில் எனக்குப் பின்னால் ஏறினார்.

அன்றைக்குக் குருநகர் வீட்டுக்குப் போனோம். வீட்டுக்காரர் அவரை வள்ளம் காட்டக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நாங்கள் இரண்டு பெண்களும் குசினி வாசலில் இருந்தோம்.

"இவ்வளவு காலமும் தனிய எப்பிடி அக்கா இருந்தனீங்கள்?" என்று அவள் கேட்டாள்.

"இருந்தன், அவ்வளவுதான்."

அவள் கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னாலை ஏலாது. பிள்ளையளையும் வைச்சுக்கொண்டு... படிவத்தைத் தாங்கோ, அவரைக் கையெழுத்துப் போடச் சொல்லுறன்."

திரும்பி வரும்போது ஸ்கூட்டியில் பின்னால் இருந்தவர் என் தோளில் கையை வைத்தார். பஸ் நிலையத்தடியில் தெரிந்த முகங்கள் நின்றன. வெட்கமாக இருந்தாலும் கையை எடுக்கச் சொல்லவில்லை. வழமையான ஒழுங்கையை விட்டுவிட்டுப் பெரிய ரோட்டால் சுற்றி ஓட்டினேன்.

மாதம் முடிய அவர் பிரான்ஸுக்குத் திரும்பக் கொழும்பு பஸ் ஏறிவிட்டார்.

இப்போது போன் எடுத்தால், "இண்டைக்கு எந்த வீட்டை போனனீர்?" என்று கேட்கிறார். நான் ஒன்றும் விடாமல் சொல்கிறேன். மகளின் பள்ளிக்கூடச் சோதினை முடிய எங்களையும் அங்கே கூப்பிடுகிறேன் என்கிறார். எப்போது சரிவரும் என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

"இஞ்சை வந்தால் உமக்குக் கதைக்க வீடுவீடாய் ஆக்கள் இல்லை. யாரோடை கதைக்கப் போறீர்?" என்று நேற்றுப் பகிடியாகக் கேட்டார்.

"உங்களோடைதான்," என்றேன்.