பல் வைத்த வாள்

மகன் வாங்கிவந்த பொம்மைப்போர் விளையாட்டின் விதிப்புத்தகத்தைப் பிரித்ததும் அச்சுமை வாசனை அடித்தது. ரம்பம்போலப் பல் வைத்த வாளுக்குத்தான் அதில் அதிகப் புள்ளி. மடத்தனம்.

முப்பது வருடங்களுக்கு முன் சாத்தூரில் நாங்களும் இப்படித்தான் மடையர்களாக இருந்தோம். அச்சகத்திலிருந்து அப்பா கொண்டுவரும், வாளேந்திய ராஜா படம் போட்ட வேஸ்ட் வெடி லேபிள்கள்தான் எங்கள் படை. எந்தப் படத்து வாளில் பல் அதிகமோ அதுவே ஜெயிக்கும் என்பது அண்ணன் போட்ட விதி.

கருவேலம் வெட்டிவிட்டு வந்த அம்மா எகத்தாளமாகச் சிரித்தாள். "ஏலே, இம்புட்டுப் பல்லு இருந்தா வெட்டுன எடத்துலயே மாட்டிக்கிடும். நீ உருவுறதுக்குள்ள அவன் ஒந்தலைய எடுத்துருவான்."

அன்றே விதியை மாற்றினோம். ஒருமுறை வெட்டினால், எத்தனை பல்லோ அத்தனை சுற்று சும்மா நிற்க வேண்டும்.

அதையே மகனின் புத்தகத்தில் பேனாவால் எழுதினேன். அவனுடைய பன்னிரண்டு பல் ராஜா இன்னும் வாளை உருவிக்கொண்டே நிற்கிறார்.