தன் பெயரைச் சொல்லாத வேட்பாளர்

லாக்லன் பேட்டர்சன் காலை ஒன்பதரை மணிக்கே தன் ஓட்டை எதிராளிக்குக் கொடுத்துவிட்டார். அன்று சாயங்காலம் வரை வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அது 1871. அப்போது ஒன்டாரியோவில் ஓட்டுச் சீட்டும் இல்லை, பெட்டியும் இல்லை. ஊர்க் கூடத்து மேடையில் ஏறி, யாருக்கு ஓட்டு என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். குமாஸ்தா பெட்டிக்ரூ எழுதிக்கொள்வார். மாகாண சட்டசபைக்கு நிற்கிறவன் தன் பெயரையே சொல்வதை அந்தப் பக்கத்தில் கேவலமாக நினைப்பார்கள். அதனால் லாக்லன், "ஹைரம் டட்டன்" என்றார். கூட்டம் கைதட்டியது. மாவு மில்காரர் டட்டனும் வந்து பதில் மரியாதை செய்வார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். மதியம் தாண்டியும் டட்டன் வரவில்லை.

லாக்லன் ஒன்பது வயதில் ஸ்காட்லாந்திலிருந்து கப்பலில் வந்தவர். அப்பாவோடு சேர்ந்து பதினான்கு வருஷம் மரம் வெட்டி, அடிக்கட்டைகளை எரித்து, ஐம்பது ஏக்கரைக் கோதுமை வயலாக்கினார். மேடையில் பேசச் சொன்னால் தொப்பியைத் திருகிக்கொண்டு நிற்பார். அவர் கேட்டதெல்லாம் ஓடைக்கு ஒரு பாலம். ஐந்து வருஷத்துக்கு முன், ஏப்ரலில், பனிக்கட்டி உடைந்து ஓடை கரைபுரண்டது. டாக்டர் அக்கரையில் குதிரையோடு நின்றார். இக்கரையில் லாக்லனின் மூத்த மகள் தொண்டை அடைத்துச் செத்துப்போனாள். டட்டனுக்கோ பாலமே வேண்டாம். பாலம் வந்தால் கோதுமை மூட்டையெல்லாம் அக்கரை மில்லுக்குப் போய்விடும்.

நாலு மணிக்குக் குதிரைக்காரன் மற்ற ஊர்களில் எல்லாரும் போட்டு முடித்த கணக்கைக் கொண்டுவந்தான். பெட்டிக்ரூ கூட்டிப் பார்த்தார். இருவரும் சரிசமம். பாக்கி டட்டன் ஒருவர்தான்.

கூடத்துக் கணப்படுப்போரம் உட்கார்ந்திருந்த லாக்லனின் மனைவி எஃபி எழுந்து வந்தாள். "ஏ மனுஷா, எனக்குத்தான் ஓட்டே கிடையாது. உனக்கு இருந்த ஒண்ணையும் தூக்கிக் குடுத்துட்டியே!"

"வருவான் எஃபி. அவனும் மானமுள்ளவன்தான்."

"மானம் ஓடை மேல பாலம் போடுமா? அடுத்த ஏப்ரல்ல யாரு வீட்டுப் பிள்ளை?"

லாக்லனின் கண் கடிகாரத்தை விட்டு நகரவில்லை.

ஓட்டு முடியும் ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது டட்டன் வந்தார். புருவத்தில் மாவு அப்பியிருந்தது. கூட்டம் விலகி வழிவிட்டது.

"யாருக்கு ஹைரம்?" என்றார் பெட்டிக்ரூ.

"எனக்கு."

"பேரைச் சொல்லணும்."

"ஹைரம் டட்டன்."

"வெட்கமா இல்ல?" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

டட்டன் திரும்பிப் பார்த்தார். முகம் சிவந்திருந்தது. "இருக்கு. இருந்தாலும் எழுதுங்க."

லாக்லன் ஒரே ஓட்டில் தோற்றார்.

அதற்குப் பிறகு நாலு வசந்தம் வந்து போயின. ஒவ்வொரு ஏப்ரலிலும் பனிக்கட்டி உடையும் சத்தம் கேட்டால் எஃபி சின்ன மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். லாக்லன் மறுபக்கம் திரும்பிக்கொள்வார்.

1875 ஜனவரியில் மறுபடியும் தேர்தல். மறுபடியும் அதே இருவர். இந்தத் தடவை புதுச் சட்டம்: அச்சடித்த சீட்டு, பெட்டி, மூலையில் ஒரு திரை. லாக்லன் திரைக்குப் பின்னால் போனார். கையில் பென்சில். மேலே டட்டன் பெயர், கீழே தன் பெயர். யாரும் பார்க்கவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. வெளியே யாரோ இருமினார்கள். கீழ்ப் பெயருக்கு நேரே குறி போட்டு, சீட்டை நாலாக மடித்தார். பென்சிலை வைத்தபோது அது வேர்வையில் நனைந்திருந்தது.

எண்ணி முடிக்க இரண்டு நாளாயிற்று. லாக்லன் ஒரே ஓட்டில் ஜெயித்தார்.

கூடத்தில் சிரிப்பும் விசிலும் பறந்தன. டட்டன் கை கொடுக்க வந்தார். கொடுத்த கையை விடவில்லை. "என்ன பேட்டர்சன், ஒத்தை ஓட்டு! மரியாதையெல்லாம் திரைக்கு வெளியிலேயே விட்டுட்டுப் போயிட்டியோ?"

எல்லாரும் சிரித்தார்கள். லாக்லன் தொப்பியைத் திருகினார்.

வீட்டுக்குத் திரும்பும்போது குதிரை பூட்டிய பனிச்சறுக்கு வண்டியில் அவர், "எனக்குத்தான் போட்டேன்" என்றார்.

"நல்ல வேளை."

"அவன் ஊரே பாக்க மேடையில நின்னு சொன்னான் எஃபி. வெட்கமா இருக்குன்னும் சொன்னான். நான் திரைக்குப் பின்னால ஒளிஞ்சு போட்டேன்."

எஃபி போர்வையை இழுத்து அவர் முழங்காலையும் சேர்த்து மூடினாள். "பாலம் மரத்துலயா, கல்லுலயா?"

"கல்லுல. மரம்னா வெள்ளம் அடிச்சுட்டுப் போயிடும்."

"அப்ப அதைப் போய்ச் சபையில கேளு. இந்த மாதிரி முணுமுணுக்காம, அவன் சொன்னானே, அந்த மாதிரி சத்தமா."

வண்டி ஓடைக்கரைக்கு வந்தது. லாக்லன் இறங்கி, எப்போதும் போலக் வண்டியைத் தாங்குமா என்று கோடரிப் பிடியால் பனிக்கட்டியைத் தட்டிக்கொண்டே நடு ஓடை வரை போனார். அங்கே நின்று, உதட்டை அசைத்து எதையோ சொல்லிப் பார்த்தார்.

"காதுல விழல!" என்று கரையிலிருந்து எஃபி கத்தினாள்.

லாக்லன் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முதல் வார்த்தையிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தார்.