பிள்ளையார் சுழி போட்ட பேஸ்பால்

அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தை ஒட்டிய பேர்லேண்டுக்கு நான் வந்த முதல் வருஷம், எங்கள் வீட்டில் மாலை வேளையில் டிவி போடக்கூடாது. கணவர் இன்ஜினியர் லைசென்ஸ் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார். ஹாலில் அவர், சமையலறையில் நான். எனக்குத் துணை ஜன்னலோரத்தில் இருந்த சின்ன ரேடியோ. அதன் முள்ளைத் திருப்பிக்கொண்டே போனால் ஓரிடத்தில் யாரோ ஒருவர், பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை சொல்வது போல நிதானமாகப் பேசிக்கொண்டிருப்பார். அது எங்கள் ஊர் பேஸ்பால் அணியின் மேட்ச் வர்ணனை என்று புரிய எனக்கு நாலு நாளாயிற்று.

புரிந்த பிறகு விட முடியவில்லை. மதுரையில் இரண்டு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். இங்கே என் விசாவில் வேலை பார்க்க முடியாது. லைப்ரரியில் குழந்தைகள் பகுதியிலிருந்து ஒரு பேஸ்பால் புத்தகம் எடுத்து வந்து விதிகளைப் படித்தேன். நோட்டில் கட்டம் போட்டு, ரேடியோவில் கேட்கக் கேட்க யார் அடித்தார், யார் அவுட், யார் எந்த பேஸில் நிற்கிறார் என்று குறித்துக்கொண்டே சப்பாத்தி இடுவேன். கட்டங்களில் பாதி மாவாக இருக்கும்.

"உனக்கு கிரிக்கெட்டே பிடிக்காதே?" என்றார் கணவர்.

"அது அண்ணனுங்க போடற சத்தத்துல பிடிக்காம போச்சு. இது நானே கண்டுபிடிச்சதுங்க."

ஒரு நாள் அந்த வர்ணனையாளர், ஆட்டக்காரர்களுக்குக் கடிதம் எழுத நினைப்பவர்கள் ஸ்டேடியம் முகவரிக்கு எழுதலாம், கையெழுத்து வேண்டுமென்றால் சொந்த முகவரி எழுதிய கவரில் ஸ்டாம்ப் ஒட்டி உள்ளே வையுங்கள் என்றார். அடுத்த நாள் காலையே உட்கார்ந்துவிட்டேன். அணியில் இருபத்தைந்து பேர். இருபத்தைந்து பேருக்கும் தனித்தனிக் கடிதம். கான்வென்ட் சிஸ்டர் சொல்லிக்கொடுத்த மாதிரியே 'ரெஸ்பெக்டட் சார்' என்று தொடங்கி, போன வாரம் அவர் ஆடிய ஆட்டத்தைப் பற்றி இரண்டு வரி பாராட்டி, கடைசியில் 'யுவர்ஸ் ஒபீடியன்ட்லி' என்று முடித்தேன். மளிகைக் கடையில் சூயிங்கம்மோடு சேர்த்து விற்கும் பாக்கெட்டில் ஆட்டக்காரர்களின் படம் போட்ட அட்டைகள் வரும். அந்த கம் சிலேட்டுத் துண்டு மாதிரி இருக்கும், வாயில் போட முடியாது. அட்டைக்காகத்தான் வாங்குவேன். கையெழுத்துப் போட அவரவர் அட்டையை அவரவர் கடிதத்தோடு வைத்தேன்.

மூன்று வாரம் ஒன்றும் வரவில்லை. பிறகு வரத் தொடங்கின. பகல் பன்னிரண்டு மணிக்குத் தபால் வண்டி எங்கள் தெருவுக்குள் திரும்பும் சத்தம் கேட்டால், அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவேன். பெரிய ஆட்டக்காரர்கள் சிலர் அச்சடித்த கையெழுத்தை அனுப்பியிருந்தார்கள். விரலை நனைத்துத் தேய்த்துப் பார்ப்பேன். மை கலைந்தால் சந்தோஷம், கலையாவிட்டால் ஏமாற்றம். இப்படித் தேய்த்தே இரண்டு நல்ல கையெழுத்துகளின் வாலை அழித்திருக்கிறேன்.

அந்தக் கவர்களில் ஒன்று மட்டும் தடிமனாக இருந்தது. மாற்று கேட்சர் அனுப்பியது. கேட்சர் என்றால் கிரிக்கெட் விக்கெட் கீப்பர் மாதிரி, மட்டைக்காரருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடிப்பவர். முதல் கேட்சருக்கு ஓய்வு கொடுக்கும் நாளில் மட்டும்தான் அவருக்கு ஆட்டம். எத்தனை பாக்கெட் பிரித்தும் அவருடைய அட்டை எனக்குக் கிடைக்காததால், ஒரு வெள்ளை அட்டையை வைத்து அனுப்பியிருந்தேன். அதில் கையெழுத்து இருந்தது. கூடவே ஒரு கடிதம்.

'அன்புள்ள மேடம், கடிதத்துக்கு நன்றி. ஆனால் மேலே 2 என்று போட்டிருக்கிறீர்கள். என் சட்டை நம்பர் பதினேழு. ஒருவேளை இரண்டாம் நம்பர்காரருக்குப் போக வேண்டிய கடிதமோ என்று அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவருக்கு உங்களிடமிருந்து வேறு கடிதம் வந்திருக்கிறதாம், அதிலும் மேலே 2 இருக்கிறதாம். அப்புறம் பார்த்தால் எல்லோருக்கும் இருக்கிறது. நாங்கள் ஒரு மத்தியானம் முழுக்க இதைப் பற்றியே பேசினோம். அது என்ன என்று தயவுசெய்து சொல்லுங்கள்.'

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வழக்கம் போல ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் நான் 'உ' போட்டிருந்தேன். கைப்பழக்கம். போட்டது எனக்கே ஞாபகமில்லை. சாப்பிட வந்த கணவரிடம் காட்டினேன்.

"பேஸ்பால் டீமையே பிள்ளையார் சுழி வெச்சுக் கொழப்பிட்டியே!" என்று சிரித்தவர், அன்றைக்கு இரண்டு மணி நேரம் புத்தகத்தைத் தொடவில்லை.

உடனே பதில் எழுதினேன். அது எண் அல்ல, எங்கள் எழுத்து. யானை முகமுள்ள கடவுளுக்கான அடையாளம். எதை எழுதத் தொடங்கினாலும் தடை வராமலிருக்க முதலில் அதைப் போடுவோம். இப்படி ஒரு பக்கம் விளக்கி, பெரிதாக ஒரு 'உ' போட்டுக் காட்டினேன். அடுத்த பதில் ஏதோ ஊர் ஹோட்டல் தாளில் வந்தது. ஒரே ஒரு வரி: 'முழங்காலுக்கு வேலை செய்யுமா?' பதினைந்து வருஷமாகக் குந்திக் குந்திப் பந்து பிடித்த முழங்கால். 'போட்டுப் பாருங்கள்' என்று எழுதினேன்.

ஆகஸ்டில் ரேடியோவில் ஒரு விளம்பரம் வந்தது. ஹூஸ்டனில் புதிதாகத் திறக்கும் பர்னிச்சர் கடையில், சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு இரண்டு ஆட்டக்காரர்கள் கையெழுத்துப் போடுவார்கள். ஒருவர் அணியின் நட்சத்திரப் பந்துவீச்சாளர். இன்னொருவர் என் கேட்சர்.

அந்தச் சனிக்கிழமைதான் கணவருக்குப் பரீட்சை. நண்பரோடு போனார், கார் வீட்டில் நின்றது. என்னிடம் டிரைவிங் லைசென்ஸ் இருந்தது, ஆனால் மளிகைக் கடையையும் கோயிலையும் தாண்டி ஓட்டியதில்லை. ஹூஸ்டனுக்கு ஃப்ரீவேயில்தான் போக வேண்டும். மூன்று வீடு தள்ளி இருந்த யாழ்ப்பாணத்து அக்காவிடம் போய் நின்றேன். அவர் கணவர் டாக்டர். அக்காவுக்கு எதற்கும் பயம் கிடையாது.

"இதுக்கு ஏன் யோசிக்கிறீர்? நீர் ஓடும், நான் பக்கத்திலை இருக்கிறன்."

"உங்களுக்கு டிரைவிங் தெரியுமாக்கா?"

"எனக்கு ஓடத் தெரியாது. ஆனா பின்னாலை என்ன வருதெண்டு பார்த்துச் சொல்லுவன்."

சொன்னபடியே செய்தார். சீட்டில் முழுக்கத் திரும்பி உட்கார்ந்துகொண்டு, "லொறி ஒண்டு வருது. பெரிய லொறி. பரவாயில்லை, அவன் விலத்திக்கொண்டு போவான். இப்ப இன்னொண்டு வருது" என்று வழி முழுக்க ஒரு வர்ணனை. நான் நாற்பது மைல் வேகத்துக்கு மேல் போகவில்லை. பின்னால் வந்தவர்களெல்லாம் ஹாரன் அடித்துவிட்டுக் கடந்து போனார்கள். அக்கா ஒவ்வொருவருக்கும் சிரித்துக் கையசைத்தார். கடை வாசலில் காரை நிறுத்தியபோது, மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது.

உள்ளே இரண்டு வரிசை. பந்துவீச்சாளரின் வரிசை சோபாக்களைச் சுற்றிக்கொண்டு வாசல்வரை நீண்டிருந்தது. கேட்சருக்கு முன்னால் ஆறேழு பேர்தான். என் முறை வந்தது. மனதுக்குள் தயார் செய்து வைத்திருந்த இங்கிலீஷ் முழுக்க மறந்துபோனது. வாங்கி வந்த புதுப் பந்தை மேஜைமேல் வைத்துவிட்டுச் சும்மா நின்றேன். அவர் பந்தைப் பார்க்கவில்லை. புடவையைப் பார்த்தார், பொட்டைப் பார்த்தார்.

"ரெஸ்பெக்டட் சார்?" என்றார்.

நான் தலையாட்டினேன். அவர் எழுந்து நின்றுவிட்டார். ஆறடிக்கு மேல் இருப்பார், கை ஒவ்வொன்றும் முறம் மாதிரி. பக்கத்திலிருந்த பந்துவீச்சாளரின் தோளைத் தட்டி, "இவங்கதான்! நம்பர் டூ மேடம்!" என்றார். அவரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

கேட்சர் என் பந்தில் முதலில் சுழியைப் போட்டார், அதுவும் இடம் வலம் மாற்றி. இரண்டு வருஷம் வகுப்பெடுத்த கை எனக்கு, சும்மா இருக்குமா? "நோ, நோ" என்று அவர் கையிலிருந்த பேனாவை வாங்கி, மேஜைமேல் கிடந்த தாளில் போட்டுக் காட்டினேன். அவர் ஐந்து தடவை எழுதிப் பழகினார். ஆறாவது நன்றாக வந்தது. அதைப் பந்தில் போட்டு, அதன் கீழே தன் பெயரை எழுதினார்.

எனக்குப் பின்னால் அப்பாவோடு நின்ற ஒரு சிறுமி, "எனக்கும் அது வேணும்" என்றாள். அவளுக்கும் போட்டார். அவளுக்கு அடுத்தவருக்கும் போட்டார். அது அவருடைய ரகசிய முத்திரை என்று யாரோ சொல்ல, பந்துவீச்சாளரின் வரிசையிலிருந்து சிலர் இந்தப் பக்கம் வந்து நிற்கத் தொடங்கினார்கள். தொப்பியில், கையுறையில், கடைக்காரர் கொடுத்த விளம்பரத் தாளில், எல்லாவற்றிலும் பிள்ளையார் சுழி.

அக்கா என் காதருகே குனிந்தார். "டெக்சஸ் முழுக்கப் பிள்ளையாரைக் குடியேத்திப்போட்டீர்." பிறகு கைப்பையிலிருந்து மின்சார பில் வந்த கவரை எடுத்தார். "எனக்கும் ஒண்டு போடச் சொல்லும்."

சாயங்காலம் கணவர் திரும்பி வந்தார். பரீட்சை நன்றாக எழுதியிருந்தார். பந்தைக் காட்டினேன். அதைக் கையில் வாங்கிக்கொண்டே, "எப்படிப் போனே?" என்றார்.

"ஃப்ரீவேல."

"லேன் சேஞ்ச் பண்ணியா?"

"ரெண்டு தடவை."

"சிக்னல் போட்டியா?"

"ஒரு தடவை."

பந்தை என் கையில் திருப்பிக் கொடுத்தார். "அடுத்த மேட்சுக்கு ஸ்டேடியம் போகலாமா?" என்றார். "நீயே டிரைவ் பண்ணு."

இரண்டு வாரம் கழித்து அக்காவையும் கூட்டிக்கொண்டு போனோம். கூரை போட்ட அந்தப் பெரிய ஸ்டேடியத்துக்குள், ரேடியோவில் காதால் மட்டும் கேட்ட ஆட்டம் பச்சைப்பசேலென்று கண்முன்னே விரிந்து கிடந்தது. கட்டம் போட்ட நோட்டு மடியில் இருந்தது; யாராவது இருமியிருந்தால்கூட அதையும் குறித்திருப்பேன். ஏழாவது இன்னிங்ஸ் நடுவில், பேஸ்பால் வழக்கப்படி, கூட்டம் முழுக்க எழுந்து நின்று பாடியது. கணவர் மேட்ச் முடிந்துவிட்டதென்று நினைத்துப் பையை எடுத்து மாட்டிக்கொண்டார். அக்கா அவரைப் பிடித்து உட்கார வைத்தார்.

எட்டாவது இன்னிங்ஸில் என் கேட்சரை மட்டையோடு அனுப்பினார்கள். எதிரணிப் பந்துவீச்சாளர் நாலு பந்தைத் தப்பாகப் போட்டார். இவர் மட்டையை அசைக்கவே இல்லை. மட்டையைக் கீழே போட்டுவிட்டு, அந்த முழங்காலோடு மெதுவாக முதல் பேஸுக்கு ஓடினார். நானும் அக்காவும் தொண்டை கிழியக் கத்தினோம்.

"அடிக்கவே இல்லையே, எதுக்கு ஓடறான்?" என்றார் கணவர்.

"நாலு பால் தப்பா போட்டா, சும்மாவே போகலாங்க."

"ஒண்ணும் பண்ணாம நின்னதுக்கு ஒரு பேஸா?"

"ஒண்ணும் பண்ணாம நிக்கறதுதாங்க கஷ்டம்."

அடுத்த ஆட்டக்காரருக்கு ஒரு பந்து தப்பாகப் போனதும் கணவர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். இரண்டாவது தப்பாகப் போனதும் கைகளைத் தேய்த்துக்கொண்டார். மூன்றாவதும் தப்பாகப் போனதும் அக்கா பக்கம் திரும்பி, "பாருங்கக்கா, இன்னும் ஒண்ணுதான், இவன் ஒண்ணுமே பண்ணக்கூடாது!" என்று பிறந்ததிலிருந்தே பேஸ்பால் பார்த்தவர் போலச் சொன்னார். அவன் அடுத்த பந்தை ஓங்கி அடித்தான்.